மடியிலிருந்த மகவு

மஜ்ஜிம நிகாயத்தின் 58ஆவது சூத்திரமாகிய அபயராஜகுமார சூத்திரத்தை நம்மவர் பெரும்பாலும் பகவனது வாத வன்மைக்குச் சான்றாகவே எடுத்தோதி வருகின்றனர். நிகண்ட நாதபுத்தரால் ஏவப்பட்ட இளவரசன் அபயன், விடையிறுக்க இயலாத வினாவொன்றால் ஆசிரியரை மடக்கலாமென்றெண்ணி, அவரைத் தன் மாளிகைக்கு உணவுண்ண அழைத்தான். பிறர் மனத்துக்கு ஒவ்வாத சொல்லைத் ததாகதர் சொல்லுவாரா, மாட்டாரா என்பது வினா. சொல்லுவாரெனின் அவர்க்கும் சாமானியனுக்கும் வேற்றுமை யாது? சொல்லமாட்டாரெனின் தேவதத்தனைக் குறித்து அவர் கடுமையாகக் கூறியது எங்ஙனம்? இருபுறமும் கூர்சீவிய வினா அது. அவ்வமயம் அபயனது மடியில் ஒரு பச்சிளங் குழந்தை மல்லாந்து கிடந்தது. பகவன் அதனைக் காட்டி, இம்மகவு ஒரு குச்சியையோ கூழாங்கல்லையோ வாயிலிட்டுக்கொண்டால் நீ என் செய்வாய் என்று கேட்டார். எடுத்துவிடுவேன் என்றான் அபயன். எளிதில் வாராவிடின், இடக்கையால் தலையைப் பற்றி, வலக்கை விரலை வளைத்து, உதிரம் கசிந்தாலும் எடுத்தே தீருவேன். ஏனெனில் குழந்தையிடம் எனக்கு இரக்கம் உண்டு என்று தன் வாயாலேயே விடை கூறினான்.

வாதத்தை இவ்வளவில் நிறுத்திவிட்டு அந்தக் குழந்தையைப் பார்ப்போம். நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு அறுவை செய்யவேண்டி வருங்கால் நாம் நிற்பது அபயன் நின்ற இடத்திலேதான். குடலிறக்கம், தொண்டைச் சதை, குடல்வால் அழற்சி, மாறுகண், பிளந்த உதடு, இதயத்தில் துவாரம், முறிந்த எலும்பு என எத்தனையோ காரணங்களால் பிள்ளையின் உடலைக் கத்தியிடம் ஒப்படைக்க நேர்கின்றது. உதிரம் கசியும், நோவு உண்டு, குழந்தை அழும். ஆயினும் எடுக்கவேண்டிய கல்லை எடுக்காமல் விடுவது இரக்கமாகாது. சூத்திரத்தின் பிற்பகுதியோ இதனினும் நமக்கு வேண்டியது. மெய்யும் பயனும் உடையதாயின் அது கேட்போர்க்கு இனிக்கினும் கசக்கினும் ததாகதர் காலம் அறிந்து சொல்லுவார். மெய்யல்லாததை எவ்வளவு இனிப்பாயிருப்பினும் சொல்லார் என்பது அதன் சாரம். அறுவைக்குச் செல்லும் பிள்ளையிடம் என்ன சொல்வது, எப்பொழுது சொல்வது என்று கலங்கும் பெற்றோர்க்கு இதனினும் தெளிவான வழிகாட்டியை யான் கண்டதில்லை.

இதைப் போதிக்கும் தகுதி எனக்குக் குறைவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2001ஆம் ஆண்டு என் மூத்த மகனுக்கு ஐந்து வயது. அழும்போதும் இருமும்போதும் அடிவயிற்றின் வலப்புறத்தே ஒரு வீக்கம் தோன்றி மறையும். குடலிறக்கம் என்றார் டாக்டர். பிள்ளைகளின் தொடையிடுக்கில் வரும் இவ்விறக்கம் தானே ஆறுவதில்லை; குடல் அதிற் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து; ஆதலின் நாளைக் கடத்தாமல் அறுக்கவேண்டும் என்று விளக்கினார். யான் ஆலையில் இரவு ஷிப்டு முடித்து விடியலில் வந்து, யானை பார்க்கப் போகலாம் வா என்று மகனிடம் கூறிப் புதுச் சட்டை உடுத்தி அழைத்துச் சென்றேன். அறுவைக் கூடத்தின் வாயிலில் அவனை என் கையிலிருந்து வாங்கியபொழுது அவன் அலறவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, யானை எங்கே?" என்று மட்டும் கேட்டான்.

அறுவை நன்றாகவே முடிந்தது. புண்ணும் விரைவில் ஆறியது. ஆனால் பல மாதங்கள் அவன் என்னோடு பஸ் ஏற மறுத்தான். யான் எதைச் சொன்னாலும், "அப்பா சொல்வது மெய்யா?" என்று தாயைக் கேட்டான். அதற்கு முந்திய ஞாயிறன்றுதான், "முசாவாதா வேரமணி" என்று அவனுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் பஞ்சசீலம் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

இராகுலனுக்கு அம்பலட்டிகையில் பகவன் அளித்த உபதேசத்தை அதன்பின்னர்தான் பயத்தோடு படித்தேன். அது மஜ்ஜிம நிகாயத்தின் 61ஆவது சூத்திரம். அப்பொழுது இராகுலனுக்கு வயது ஏழு என்பது உரைகாரர் மரபு. கால் கழுவிய கலத்திலே மிஞ்சிய சிறிதளவு நீரைக் காட்டியும், அதைக் கொட்டியும், கலத்தைக் கவிழ்த்தும், அறிந்தே பொய்யுரைப்பவனது துறவு எவ்வளவென்று தந்தை மைந்தனுக்கு உணர்த்தினார். விளையாட்டுக்கும் பொய் கூடாது என்று முடித்தார். குழந்தைகள் பொய் சொல்லலாகாது என்பதற்கு இச்சூத்திரத்தைக் காட்டுகிறோம். குழந்தைகளிடம் பொய் சொல்லலாகாது என்பதற்கு அதைக் காட்டுவோர் அரியர்.

இங்கு ஒரு சகோதரர் தடை எழுப்பக்கூடும். மகாவக்கத்தில் வரும் ஜீவகன் நோயாளியிடம் மெய் மறைக்கவில்லையா? இராசகிருகத்துச் செட்டியின் மண்டையைத் திறந்து புழுக்களை எடுக்குமுன், ஒவ்வொரு பக்கமாக ஏழேழு மாதம் படுத்திருக்க முடியுமா என்று கேட்டான். ஏழேழு நாளிலேயே செட்டி பொறுமையிழந்தார். ஏழு மாதம் என்று சொல்லியிராவிடில் இவ்வளவு நாளும் நீர் படுத்திருக்கமாட்டீர் என்றான் ஜீவகன். உண்மை, ஆயினும் அது பகவனுக்கு அவன் மருத்துவம் செய்யப் புகுவதற்கு முன் நிகழ்ந்ததாகவே அந்நூல் வரிசைப்படுத்துகிறது. அன்றியும் அவன் துன்பத்தைப் பெரிதாக்கிச் சொன்னானேயன்றி, இல்லையென்று சொல்லவில்லை. காசியில் அவன் செய்த அறுவையைத்தான் நாம் கைக்கொள்ளவேண்டும். குட்டிக்கரணம் போட்டு விளையாடிக் குடல் முறுக்கிக்கொண்ட செட்டிமகன் ஒருவன், கஞ்சியும் செரியாமல் எலும்பும் தோலுமாய்க் கிடந்தான். ஜீவகன் கூட்டத்தை விலக்கினான், திரையிட்டான், மனைவியை அவன் கண்ணெதிரே நிறுத்தினான். வயிற்றைக் கீறி முறுக்குண்ட குடலை அவளுக்குக் காட்டி, நோய் இதுவென விளக்கி, முறுக்கை அவிழ்த்து உள்ளிட்டுத் தைத்து மருந்து பூசினான். மயக்க மருந்தில்லாத காலம். ஆதலின் தூணிலே கட்டவேண்டியிருந்தது. ஈதரின் பயன் 1846இல் பாஸ்டன் நகரில் வெளிப்பட்ட பின்னரே அக்கொடுமை உலகில் நீங்கத் தொடங்கியது. ஆனால் கூட்டம் விலக்கல், அன்புக்குரியவரை அருகே வைத்தல், நோயை உற்றார்க்கு விளக்கல் ஆகிய மூன்றும் இன்றும் மாறவில்லை.

மேல்நாட்டார் இவற்றுள் இரண்டாவதை வெகுகாலம் மறந்திருந்தனர். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தையைத் தாய் காண்பதற்கும் நேரக் கட்டுப்பாடு இருந்தது. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பார் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியின் துயரைப் படமெடுத்து 1952இல் காட்டிய பின்னும், 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை வந்த பின்னுமே அங்கு கதவுகள் மெல்லத் திறந்தன. நம் நாட்டிலோ தாய் கூடவே இருக்கிறாள். உடன் பன்னிரண்டு உறவினரும் இருக்கின்றனர். நாம் கற்கவேண்டியது கூட்டம் விலக்கலைத்தான்.

இனி, காலமறிந்து சொல்வதாவது யாது? இரண்டு வயதுக்குட்பட்ட மகவுக்குச் சொல்லால் விளக்கமுடியாது. தாயின் மடியும், பழகிய துணியும், பழகிய பொம்மையுமே அதற்கு மொழி. நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு ஓரிரு நாள் முன்னர்ச் சொன்னால் போதும். நெடுநாள் முன்னே சொல்லின் அச்சம் வளரும். பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வாரம் முன்னதாகச் சொல்லிக் கேள்வி கேட்க விடவேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதினரையோ டாக்டரோடு முடிவு செய்யும் பேச்சிலேயே உடன் இருத்தவேண்டும். நோகுமா என்று பிள்ளை கேட்டால், "நோகும், மருந்து கொடுப்பார்கள், குறையும், நான் அருகில் இருப்பேன்" என்பதே விடை. அருகில் இருக்க அனுமதியில்லாத நேரம் எதுவென்பதை முன்னரே கேட்டறிந்து அதையும் சொல்லிவிடவேண்டும். "தூங்க வைப்பார்கள்" என்னும் சொல்லிலும் எச்சரிக்கை வேண்டும். தாத்தா இறந்தபொழுது, "தூங்கிவிட்டார்" என்று நாம் சொல்லியிருப்போம். பிள்ளை அதை மறந்திராது. இது மருந்தால் வரும் உறக்கம், டாக்டர் ஒருவர் முழுநேரமும் உன் பக்கத்திலேயே இருந்து காப்பார், வேலை முடிந்ததும் எழுந்துவிடுவாய் என்று பிரித்துச் சொல்லவேண்டும்.

சிறு பிள்ளைகள் பலர் தாம் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே நோய் வந்ததென்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தை ஊட்டியவரும் நாமே. சோறுண்ண மறுத்தால், "டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டாத வீடு எது? டாக்டரைப் பூச்சாண்டியாக்கி வைத்துவிட்டு, பின்னர் அவர் கையில் பிள்ளை அடங்கியிருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

உண்மை பேசவேண்டிய கடன் பிள்ளையோடு முடிவதில்லை. ஆஸ்பத்திரிக்கும் அது உரியது. அறுவைக்கு முன் திட உணவு 6 மணி நேரமும், தாய்ப்பால் 4 மணி நேரமும், தெளிந்த நீர் 2 மணி நேரமும் நிறுத்தப்படவேண்டும் என்பது பொது வழக்கம். அந்தந்த ஆஸ்பத்திரியார் சொல்லும் கணக்கே நமக்குக் கட்டளை. மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் அடங்கிப்போகும். வயிற்றிலுள்ளது மேலெழுந்து மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் பழுதாகும், உயிரும் போகலாம். இதனை அறியாத பாட்டிமார், "பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடுகிறார்களே" என்று இரங்கி, முந்தானைக்குள் மறைத்துப் பிஸ்கோத்து ஊட்டிவிடுகின்றனர். பாட்டியின் இரக்கம் மெய்யான இரக்கமே. அதை முன்னிரவே மதித்து, காரணத்தைச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அவரே காவலாகிவிடுவார். மீறியும் பிள்ளை எதையேனும் தின்றுவிட்டால், ஏச்சுக்கு அஞ்சி மறைக்காதீர்கள். அறுவை சில மணியோ ஒரு நாளோ தள்ளிப்போகும், அவ்வளவே. சளி, காய்ச்சல், இழுப்பு, முன்பு வந்த வலிப்பு, ஆடும் பல், ஒவ்வாத மருந்து, கொடுத்துவரும் நாட்டு மருந்து, குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தால் நேர்ந்த கேடு ஆகிய அனைத்தையும் கேட்குமுன்னரே சொல்லவேண்டும். நம் பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவரே. நாட்டு மருந்தைச் சொல்வதற்கு வெட்கம் வேண்டா.

அறுவைக்குப் பின் நோவைக் குறித்து நம்மிடையே பெரும் அறியாமை நிலவுகிறது. மருத்துவர்களிடமும் அது நெடுங்காலம் நிலவியது. பிறந்த சிசுவுக்கு நோவு தெரியாது என்று நம்பி, போதிய மருந்தின்றியே அறுவை செய்த காலம் உண்டு. நம் நாட்டிலே மருத்துவம் பயின்ற கே. ஜே. எஸ். ஆனந்த் என்பார் 1987இல் வெளியிட்ட ஆய்வுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. அசையாமல் கிடக்கும் பிள்ளைக்கு நோவில்லை என்று எண்ணற்க. அசைந்தால் நோகும் என்றே அது அசையாதிருக்கலாம். மருந்தை டாக்டர் குறித்த நேரத்தில் குறித்த அளவு கொடுக்கவேண்டும். பிறகு பார்க்கலாம் என்று சேமிக்கலாகாது. அவர் சொல்லாமல் ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. புண்ணின்மேல் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் இடற்க. காய்ச்சல், சிவந்த வீக்கம், சீழ், ஓயாத வாந்தி, மூச்சுத் திணறல், சிறுநீர் கழியாமை ஆகியன கண்டால் விடியட்டும் என்று காத்திராமல் ஓடவேண்டும். தொண்டைச் சதை எடுத்த பிள்ளை உறக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்குமாயின், உள்ளே உதிரம் கசிகிறதென்று ஐயுறவேண்டும். ஒரு வாரம் கழிந்த பின்னும் இது நேர்வதுண்டு. வீடு திரும்பிய சில நாட்கள் பிள்ளை படுக்கையை நனைக்கலாம், கனவில் அலறலாம், தாயை விட்டு நீங்காதிருக்கலாம். மெல்லத் தணியும், அடிக்கவேண்டா.

அடுத்ததாக ஒரு நச்சுச் சொல்லைப் பேசவேண்டியிருக்கிறது. நோயுற்ற பிள்ளையைக் கண்டு, "முற்பிறவி வினை" என்று பெருமூச்செறிவோர் நம் விகாரைக்கும் வருகின்றனர். சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் இதையே பகவனிடம் கேட்டான். பித்தம், சிலேத்துமம், வாதம், அம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனமின்மை, பிறர் தாக்குதல், வினையின் விளைவு என்று எட்டுக் காரணங்களை அவர் எண்ணிக் காட்டி, எல்லாம் முன்வினையே என்போர் கண்கூடாகத் தெரிவதையும் உலகம் உண்மையென ஏற்பதையும் கடந்து பேசுகின்றனர் என்றார். முற்பிறவி வினை என்னும் கொள்கையைப் பாபாசாகேப் அம்பேத்கரும் தமது நூலில் மறுத்துள்ளார். அவர்தம் மக்கள் ஐவருள் நால்வரை இளமையிலேயே பறிகொடுத்தவர் என்பதை இங்கே நினைக்கவேண்டும். பிளந்த உதட்டுடன் மகவு பிறந்தால், சூல்கொண்ட தாய் கிரகணம் பார்த்தாள் என்று அவளைப் பழிப்பது மற்றொரு மூடத்தனம். கருவின் முதல் மூன்று மாதங்களில் முகத்தின் பகுதிகள் சேராது நின்றதே அது. ஏறக்குறைய மூன்று மாத அளவில் உதட்டையும், பின்னர் ஒன்றரை வயதுக்குள் அண்ணத்தையும் தைத்துச் சீராக்குகின்றனர். பழி பேசும் வாய் அவளுக்கு ஒரு செய்தியைச் சொல்லலாம்: 2013இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் அரசுத் திட்டத்தின்கீழ், அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சோதித்து, பிளந்த உதடு, வளைந்த பாதம், பிறவி இதய நோய் முதலியவற்றுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சைக்கு அனுப்புகின்றனர்.

தாயத்துக் கட்டவும் நேர்த்திக்கடன் வைக்கவும் வரும் உறவினரோடு கட்டிலருகே வாதிடற்க. தம்மம் ஏற்காத மாமியாரை மாற்றுவதற்கு அது இடமன்று. பரித்த நூலாயினும் அறுவைக் கூடத்தில் கழற்றச் சொன்னால் கழற்றுவதே முறை.

குமரப் பருவத்தினரின் செய்தி வேறு. அவர்க்கு நோவினும் நாணம் பெரிது. நோயாளியின் ஐந்து நற்பண்புகளை மகாவக்கத்தில் பகவன் கூறுமிடத்து, தன் நலம் விரும்பிப் பணிசெய்வோனிடம் நோயை உள்ளபடி வெளிப்படுத்துவதையும் ஒன்றாக வைத்தார். இதைப் பெண்டிரும் ஆடவருமான நம் பிள்ளைகளுக்குக் கூச்சமின்றிக் கற்பிக்கவேண்டும். ஆண்பிள்ளைகளுக்குத் திடீரென விரையில் கடுநோவும் வீக்கமும் வருவதுண்டு. சிலர்க்கு அடிவயிற்று நோவும் வாந்தியுமாகவே தோன்றும். விரை தன் நரம்புக்கொடியில் முறுக்கிக்கொள்வதே காரணமாகலாம். ஆறு மணி நேரத்துக்குள் அவிழ்த்தால் பெரும்பாலும் காக்கலாம். நாள் கழிந்தால் விரை இறந்துபோகும். இரவெல்லாம் பல்லைக் கடித்துக் கிடந்து காலையில் சொன்ன பிள்ளை தன் உறுப்பை இழக்கிறான். எதனால் சொல்லவில்லை? ஏச்சுக்கும் நகைப்புக்கும் அஞ்சி. பெண்பிள்ளைகள் சோர்வையும் மிகுந்த உதிரப்போக்கையும் இவ்வாறே மறைத்துச் சோகையில் வீழ்கின்றனர். டாக்டரோடு சற்றுநேரம் தனியே பேச இவர்களை விட்டுப் பெற்றோர் வெளியே நிற்பது மரியாதைக் குறைவன்று.

முடக்குக் காய்ச்சலையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் நம் பிள்ளைகளை அது தேடி வருகிறது. தொண்டை நோவைப் புறக்கணித்தால் சிலர்க்குச் சில வாரங்களில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டு, இதயத்தின் வால்வுகள் கெடுகின்றன. மீண்டும் வாராதிருக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போடவேண்டும். மூட்டு நோவு தீர்ந்ததும் ஊசியை விட்டுவிடுகின்றனர். வால்வோ ஓசையின்றிக் கெடுகிறது. ஊசி நாளன்று துணைக்கு ஒருவர் சென்றாலே பாதிப் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

அத்துணை யார்? வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த பிக்குவைப் பகவன் கண்டு, ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தாம் நீர் வார்க்க ஆனந்தர் கழுவ, தலைப்புறம் தாமும் கால்புறம் ஆனந்தருமாய்த் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினார். பின்னர்ப் பிக்குகளைக் கூட்டி, உங்களைப் பேணத் தாயுமில்லை தந்தையுமில்லை, ஒருவரையொருவர் நீங்கள் பேணாவிடின் யார் பேணுவார் என்று வினவினார். தம்மம் ஏற்றதனால் உறவும் ஊரும் விலகிநிற்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்க்கு இவ்வினா பழங்கதையன்று. ஆகவே நம் சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைத்துள்ளோம். எவர் பிள்ளையேனும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், இரவில் துணையிருப்போர், சோறு கொண்டுசெல்வோர், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோர், கூலி இழப்புக்குக் கைமாற்றுக் கொடுப்போர் என நான்கு பத்திகளில் பெயர் எழுதலாம். ஐந்தாவது பத்தி உதிரம் கொடுப்போர்க்கு. 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் உள்ளோர் தங்கள் உதிரப் பிரிவையும் சேர்த்து எழுதுக. முதல் நான்கு பத்திகளும் நிரம்பிவருகின்றன. ஐந்தாவதில் இதுவரை மூன்று பெயர்களே உள்ளன. அவற்றுள் ஒன்று, யானையைக் கேட்ட என் மகனுடையது.